எவ்ளோ குடுத்த?

உத்திரமேரூரில் எங்கள் தெருவில் புதிதாக ஒரு பொருள் வாங்கினால் யாரும் அதை வெளிப்படையாக வீட்டுக்கு எடுத்துவர மாட்டோம். செருப்பு என்றால் கீரைக் கட்டுக்கு அடியில் வரும். குக்கர் என்றால் கிழிந்த சாக்குக்குள் வரும். என் மச்சான் ஒருமுறை புது மின்விசிறியைப் பாயில் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பாடெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குப் பயந்து.

அந்த ஆள் எங்கள் எதிர்வீட்டு அக்கா. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், "இத எய்துனதுக்கு எவ்ளோ குடுத்தாங்க?" என்று கேட்பார். நான் ஒரு தொகையைச் சொல்வேன். "ஏமாந்துட்டியே!" என்பார். எதற்கு வம்பு? தெரு அவருக்கு வைத்த பெயர் எவ்ளோக்கா. அதுவே போதும்.

அக்காவுக்குக் கருவாட்டு வியாபாரம். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவார். அவர் சொன்ன விலைக்கு ஒருவர்கூட வாங்கி நான் பார்த்ததில்லை. "இந்த நெத்திலிக்கா இந்த வெலை?" என்று ஆரம்பித்து, காலையிலிருந்து ஊரே சேர்ந்து அவர் விலையை அடித்து இறக்கும். பொழுது சாய்ந்ததும் அவர் தெருவுக்கு வந்து எங்கள் விலையை அடித்து இறக்குவார். நியாயம்தானே. எங்களுக்குத்தான் அதற்கப்புறம் அடிக்க ஆள் இல்லை.

அவர் கேட்கும் அழகே தனி. பொருளை வாங்கிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்ப்பார். துணியா இருந்தாலும் தேய்ப்பார், தோசைக்கல்லா இருந்தாலும் தேய்ப்பார். பிறகு முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். பிறகுதான் அந்தக் கேள்வி: "எவ்ளோ குடுத்த?" நாம் சொல்வோம். அவர் கை இடுப்புக்குப் போகும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சு' என்று பிரியும். "ஏமாந்துட்டியே!"

எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என நினைத்து முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"மொத்தம் எவ்ளோ ஆச்சு?"

சொன்னேன்.

"ஏமாந்துட்டியே! புள்ளலூர்ல ஒருத்தருக்கு இதே கொடலு, பாதித் துட்டுல எடுத்துட்டாங்க."

திரும்பப் போய் உள்ளே வைத்துவிட்டுப் புள்ளலூரில் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நானே யோசித்தேன்.

இப்படிப்பட்டவரிடம் யார் உண்மையான விலையைச் சொல்வார்கள்? முந்நூறு ரூபாய்ச் சட்டையை நான் இருநூற்று ஐம்பது என்பேன். மறுநாள் அக்கா என் மச்சானிடம், "டிரைவரு எரநூத்தம்பதுக்கு வாங்கிகினு வந்தான், நீ இன்னாடா?" என்பார். அவன் இருநூறு என்பான். அதைக் கேட்டவன் நூற்று எண்பது என்பான். இந்தக் கணக்குப்படி எங்கள் தெருக்காரன் சட்டை வாங்கப் போனால் கடைக்காரனே கையில் காசு கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. அக்காவின் தலைக்குள் இருந்த விலைகள் எல்லாம் நாங்கள் போட்ட பொய்களால் தேய்ந்த விலைகள். அது எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

டிரைவர் என்றது என்னைத்தான். குட்டி யானை வண்டி ஓட்டுகிறேன். வாலாஜாபாத் ரைஸ் மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக் கடை கடையாக இறக்குவது தொழில். படிப்பு நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் அஞ்சு வருஷம் படித்தவன் என்று சொல்லிக்கொள்வேன். பொய் இல்லை.

எனக்குப் பிறந்த பெண் ரேவதி மட்டும் எப்படியோ படித்துவிட்டாள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நம்மை நடக்கவைக்கும் வேலை. முதல்முறை அவள் காட்டியபோது படிக்கட்டு வந்ததும் நான் உட்கார்ந்த இடத்திலேயே காலைத் தூக்கிவிட்டேன். மெட்ராஸில் ஒரு கம்பெனி அவளை வீட்டிலிருந்தே வேலை செய்ய எடுத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை. லேப்டாப் அவளுடையதாக இருக்க வேண்டும். அதுவும் சும்மா லேப்டாப் இல்லை, படம் வரையத் தனியாக உள்ளே ஒரு கார்டு வைத்த பெரிய ஜாதி. எனக்குத் தெரிந்தது ரேஷன் கார்டும் ஆதார் கார்டும்தான்.

"திங்கக்கெயம மெஷினோட ஒக்காரலன்னா வேற ஆளு போட்டுக்குவாங்க நைனா" என்றாள்.

புதுசின் விலையைச் சொன்னாள். அந்த விலைக்கு என் வண்டியை விற்றாலும் பாதிதான் தேறும். அதனால் பழசு பார்த்தோம். சீட்டு எடுத்ததில் தொண்ணூறாயிரம் கையில் இருந்தது.

ரேவதியே ஒன்றைக் கண்டுபிடித்தாள். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி போட்ட ஒரு வீட்டுப் பையன், வேறு மெஷின் வாங்கிவிட்டதால் இதை விற்கிறான். ரெண்டு வருஷப் பழசு, ஒரு மூலையில் நசுங்கல். பில் இருக்கிறது, பெட்டி இருக்கிறது. விலை தொண்ணூறாயிரம். போய்ப் பார்த்தோம். ரேவதி ஒரு மணி நேரம் நோண்டிவிட்டு, "நல்லாருக்கு நைனா, நியாயமான வெலதான்" என்றாள்.

எனக்கு அந்த மெஷின் தெரியவே இல்லை. அக்காவின் கை இடுப்புக்குப் போவதுதான் தெரிந்தது. பழசுக்குத் தொண்ணூறா? முப்பதைக் குறைத்து அறுபது என்று சொன்னாலும் 'ச்சு' நிச்சயம். "ரெண்டு நாள் பொறும்மா" என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி தோசையை வைத்தது வைத்தபடி எழுந்து போனாள். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் தோசையும் இறங்கவில்லை. ஆனாலும் தின்றேன். அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மில்லில் மூட்டை ஏற்றும்போது ஒருவன் போனை நீட்டினான். அவனுக்குத் தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் ஒரு லேப்டாப் விற்கிறானாம். ரேவதிக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நைனா, இது காஞ்சிபுரத்தத விட ஒசத்தி. ஒரு வருசங்கூட ஆவல. எவ்ளோ சொல்றான்?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சாயிரமா? இன்னா நைனா இவ்ளோ கம்மி?"

"அவசரமாம். துட்டு தேவையாம்."

நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசை. எனக்கோ ஆசை வேறு இடத்தில் இருந்தது. என் ஆயுளில் முதல்முறையாக, பொய்யே சொல்லாமல், எவ்ளோக்காவை ஜெயிக்கப் போகிறேன்!

வீட்டுக்குப் போகவில்லை. நேராக எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கா கூடையை இறக்கி, விற்காத வாளைக்கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரேவதிக்கு லேப்டாப்பு பாத்துட்டேன், நாளிக்கி வாங்கப் போறோம். புதுசு ரெண்டு லட்சத்துக்கிட்ட வருது."

"நீ எவ்ளோ குடுக்கற?"

"முப்பத்தஞ்சு."

கை இடுப்புக்குப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. கருவாட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

"இன்னொரு தபா சொல்லு."

"முப்பத்தஞ்சாயிரம்க்கா. கணக்கா முப்பத்தஞ்சு!"

"காஞ்சிபுரத்தான் எவ்ளோ சொன்னான்?"

"தொண்ணூறு. அதும் நசுங்கனது."

அக்கா கருவாட்டைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார். என்னைப் பார்த்தார். 'ச்சு' வரவில்லை.

"இன்னாக்கா, ஏமாந்துட்டேன்னு சொல்லு பாப்போம்!"

"வாயில வரலியேடா" என்றார். "நெத்திலிய பாதி வெலைக்கு எவனாச்சும் எங்கிட்ட தள்ளுனா, நான் சந்தோஷப்பட மாட்டேன். மோந்து பாப்பேன். நாளிக்கி நானும் வர்றேன்."

இத்தனை வருஷம் அந்த வார்த்தைக்குப் பயந்தவன், அது வரவில்லை என்றதும் இன்னும் பயந்தேன். என்ன ஜென்மமோ.

சனிக்கிழமை காலை வண்டியின் முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு வாலாஜாபாத் போனோம். நடுவில் ரேவதி, ஓரத்தில் அக்கா. கூடை பின்னால்தான் இருந்தது, வாசனை மட்டும் முன்னால் உட்கார்ந்து வந்தது. விற்கிறவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தான். நாஷ்டா நேரம். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, இருபத்தஞ்சு வயசுப் பையன். பார்க்க நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருந்தான்.

லேப்டாப்பைத் திறந்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. ரேவதி அவளுடைய கட்டடத்தை அதில் போட்டாள். வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்த லேப்டாப்பில் அந்தக் கட்டடம் நம் ஊர் டவுன் பஸ் மாதிரி திக்கித் திக்கி நகரும். இதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. என் மகள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம். நான் பணக்கட்டுக்காக உள்பாக்கெட்டில் கை விட்டுவிட்டேன்.

அக்கா மெஷினைத் தொடவே இல்லை. தேய்க்கவில்லை, தட்டவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு டீயை ஊதினார்.

"தம்பி, நீ இத எவ்ளோ குடுத்து வாங்குன?"

அதே கேள்வி. ஆனால் இதுவரை வாங்கினவர்களைத்தான் கேட்டிருக்கிறார். விற்கிறவனைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"அது... ஒன்னரை லட்சம் இருக்கும்க்கா."

"இருக்குமா?"

"இல்ல, ஒன்னு எழுபது... ஆஃபர்ல வாங்கனேன். சரியா ஞாபகம் இல்ல."

அக்கா டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். "டேய் டிரைவரு, உன் வண்டி எவ்ளோ?"

தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முன்பணம், மாதத் தவணை, டயருக்குத் தனியாகக் கொடுத்தது வரை சொன்னேன்.

"உன் கல்யாணச் சட்டை?"

"நானூத்து இருவது."

உண்மை விலை வந்துவிட்டது. அக்காவிடம் அப்போது முந்நூறு என்று சொல்லியிருந்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பையன் பக்கம் திரும்பினார்.

"பாரு தம்பி. நாலாங்கிளாசு. இவனுக்கே ஞாபகம் கீது. சொந்தத் துட்டு போட்டவன் எவனுக்கு வெலை மறக்கும்?"

ரேவதியின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. ஆனால் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது தெரிந்தது. "அண்ணா, இதுல இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு, புதுசா வாங்குனா எப்பிடி ஆரம்பிப்பாங்களோ, அப்பிடி ஒரு வாட்டி ஆரம்பிச்சிப் பாத்துக்கறேன்" என்றாள்.

"அதெல்லாம் நானே அழிச்சிட்டேன். வோணாம்மா, டைம் ஆவும்."

"ஆவட்டும்" என்றார் அக்கா. "எங்களுக்கு இன்னா, நாங்க குந்தினு கீறோம்."

மறுத்தால் சந்தேகம், ஒப்புக்கொண்டால் ஆபத்து என்று அவன் தவிப்பது எனக்கே புரிந்தது. அதற்குள் ரேவதி ஆரம்பித்துவிட்டாள். மெஷின் அணைந்து, மறுபடி எழுந்து, ஏதோ கேட்டது. தன் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தாள். நாங்கள் இன்னொரு டீ குடித்தோம். இந்த டீக்காவது அவன் காசு கொடுப்பானா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ரேவதி மூச்சை இழுத்தாள்.

"இன்னாம்மா?"

"நைனா, இது ஒரு கம்பெனியோட மெஷின். அந்தக் கம்பெனி ஆளோட பாஸ்வேர்டு போடாம உள்ளயே வுடாதுன்னு வருது. எத்தினி தபா அழிச்சாலும் இதையேதான் கேக்கும்."

"அது சும்மா ஆபீஸ் ஃபார்மாலிட்டி" என்று பையன் எழுந்தான். "நான் வூட்டுக்குப் போயி எடுத்துட்டு அனுப்பறேன்." சொல்லிக்கொண்டே மூடி, பைக்குள் போட்டு, பஸ்கள் நின்ற பக்கம் நடந்தவன் கொஞ்ச தூரத்தில் ஓடவே ஆரம்பித்தான். வேலையை விட்டபோது கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவனா, வேறு எவனிடமோ ஏமாந்து எங்கள் தலையில் கட்ட வந்தவனா, இன்றுவரை தெரியாது. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

உள்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சீட்டுப் பணம் தொண்ணூறாயிரமும் கட்டாக அப்படியே இருந்தது. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். "எனக்கு மொதல்லயே டவுட்டுதான்" என்றேன். ஒருவரும் மதிக்கவில்லை.

ரேவதி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான்.

"ஏய், அழுவறியா? எந்திரி" என்றார் அக்கா. "காஞ்சிபுரத்தானுக்குப் போன போடு."

போட்டாள். இன்னும் விற்கவில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வேறு ஒருவர் பார்க்க வருகிறாராம். என் குட்டி யானை அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்னாலும் ஓடியதில்லை, பின்னாலும் ஓடியதில்லை. மூட்டை இல்லாததால் ஒவ்வொரு பள்ளத்திலும் தவளை மாதிரி குதித்தது.

வழியில் அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அல்லாரும் எங்கிட்ட கொறச்சித்தான் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா? நான் கேட்டதுமே கால் பங்கு ஏத்திக்கினுதான் மனசுல வெப்பேன்."

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. நான்தான் இழுத்திருப்பேன்.

"அல்லாருக்கும் கால் பங்காக்கா?"

"உனுக்கு மட்டும் அரைப் பங்கு."

ரேவதி குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து நீ சொன்னதுக்கு ஏத்திப் பாத்தேன். எவ்ளோ ஏத்துனாலும் காஞ்சிபுரத்தான் சொன்ன தொண்ணூற எட்டவே இல்ல. அப்பதான் மனசு பேஜாராயிட்ச்சி. நீ பொய் சொல்லியிருந்தா நல்லாருக்குமேன்னு இருந்துது."

என்னைப் பற்றி யாரும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

காஞ்சிபுரத்து வீட்டில் தறிச்சத்தம் வாசல்வரை கேட்டது. பையன் லேப்டாப்பைப் பில்லோடு எடுத்து வைத்தான். அக்கா இப்போது ஆசை தீரத் தேய்த்தார். நசுங்கின மூலையைக் கட்டைவிரலால் தடவினார். மூடியைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பையன் பதறி, "அக்கா, மெதுவா!" என்றான். அந்தப் பதற்றமே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

"நீ எவ்ளோ குடுத்து வாங்குன தம்பி?"

"ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்க்கா. பை தனியா ஆயிரத்து எரநூறு. அடுத்த மாசமே பன்னெண்டாயிரம் கொறச்சிட்டாங்க, அத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது." ஒரே மூச்சில் சொன்னான்.

அக்காவின் கை இடுப்புக்குப் போனது. "ச்சு! ஏமாந்துட்டியே தம்பி!"

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது: "நல்லா சொல்லுங்க! நானும் ரெண்டு வருசமா அதத்தான் சொல்லிக்கினு கீறேன்!"

பையன் முகம் சுருங்கிவிட்டது. "அஞ்சாயிரம் கொறச்சிக் குடுங்க. எம்பத்தஞ்சு. ஆனா அந்த வார்த்தைய எங்கம்மா முன்னாடி இன்னொரு தபா சொல்லாதீங்க" என்றான்.

ரேவதி இங்கேயும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெஷின் யோசித்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டது, உங்கள் பெயர் என்ன என்று. ரேவதி தன் பெயரை அடித்தாள். வேறு எவன் பெயரையும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தேன். அது அவர்கள் வீட்டு நாய் படுக்கும் சாக்கு.

அக்கா இப்போது எங்கள் தெருவில் இல்லை. மகள் வீட்டோடு தாமலுக்குப் போய்விட்டார். லேப்டாப் அதே நசுங்கலோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ரேவதி அதில் கட்டும் கட்டடங்களில் நான் இப்போது காலைத் தூக்காமலே படி ஏறுகிறேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையை இன்னும் முடிக்கவில்லை. தெருவுக்குள் வண்டியை நிறுத்தியபோது குழாயடியில் நாலைந்து பேர், என் மச்சானும் அதில். லேப்டாப்பைச் சாக்கில் சுற்றவில்லை. கீரை வைத்து மறைக்கவில்லை. வெட்டவெளியில் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினேன். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். தன் வாசலில் ஏறி நின்று, காலையிலிருந்து என்னோடு வராதவர் மாதிரி, திரும்பி உரக்கக் கேட்டார்:

"இன்னா டிரைவரு, லேப்டாப்பா? எவ்ளோ குடுத்த?"

மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். குறைத்துச் சொல் என்று அர்த்தம்.

"எம்பத்தஞ்சாயிரம்" என்றேன்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அக்கா கூடையை இறக்கி வைத்தார். கை நிதானமாக இடுப்புக்குப் போனது. ரேவதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ச்சு! ஏமாந்துட்டியேடா!"

"ஆமாக்கா" என்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.